அடிக்கவும் ஆற்றவும்: குங்ஃபூ கூடத்து மூலிகைச் சாராயம்

தெற்குச் சீன மரபில் வந்த குங்ஃபூ கூடங்களுக்கென்று ஒரு மணம் உண்டு. கற்பூரம், பிசின், பழைய மரப்பெட்டி, சாராயம் எல்லாம் கலந்த கனமான மணம். ஈட்டிகளும் கம்புகளும் சாய்த்து வைத்திருக்கும் மூலையில், வெயில் படாத தட்டில், கறுத்த பழுப்புத் திரவம் நிரம்பிய ஜாடி ஒன்று இருக்கும். முன்கையோடு முன்கை மோதிப் பழகிக் கன்றிப்போன மாணவர்கள், பயிற்சி முடிந்ததும் அதில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வார்கள். அதன் பெயர் தித் தா ஜாவ்.

கன்டனீஸ் மொழியில் 'தித்' என்றால் விழுதல், 'தா' என்றால் அடித்தல், 'ஜாவ்' என்றால் சாராயம். விழுந்தாலும் அடிபட்டாலும் தடவுகிற சாராயம் என்று பொருள். இதில் முதல் இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு மருத்துவப் பிரிவின் பெயராகவே நிற்கின்றன. எலும்பு முறிவு, மூட்டு விலகல், சுளுக்கு, ரத்தக்கட்டு ஆகியவற்றைக் கையாலும் கட்டாலும் மூலிகையாலும் பார்க்கும் வைத்தியம்தான் 'தித் தா'. ஹாங்காங்கின் பழைய தெருக்களில் 'தித் தா' என்ற பலகையோடு சிறு வைத்தியசாலைகளை இன்றும் காணலாம். இந்தக் கட்டுரை அந்தச் சாராயத்தைப் பற்றியது. அதன் பின்னால் உள்ள எண்ணம் என்ன, உள்ளே என்னென்ன இருக்கின்றன, எங்கே உதவும், எங்கே ஆபத்தாகும் என்பதை இதுவரை கேள்விப்படாத ஒருவருக்குச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஆளைப் பார்த்துவிட்டு மருந்துக்கு வருவோம். அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அடிபட்டதை ஆற்றவும் கடமைப்பட்டவர் என்பது இந்த மரபின் அடிப்படை. நம் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அடிமுறையும் வைத்தியமும் அங்கேயும் ஒரே கையில்தான் இருந்தன. குவாங்டோங் மாகாணத்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு வோங் ஃபெய் ஹூங். 1847இல் பிறந்த இவர் ஹூங் கார் என்ற குங்ஃபூ பாணியின் ஆசான். திரைப்படங்கள் அவரைச் சண்டை வீரராக மட்டுமே காட்டிப் பழக்கிவிட்டன. ஆனால் குவாங்சௌ நகரத்து மக்களுக்கு அவர் 'போ ச்சி லாம்' என்ற வைத்தியசாலையின் மருத்துவரும்கூட. அந்த வைத்தியசாலை 1924இல் நகரில் வணிகர் படைக்கும் அரசுப் படைக்கும் நடந்த மோதலின்போது தீக்கிரையானது. அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. அவருடைய மாணவர் லாம் சாய் விங் ஹாங்காங்குக்குக் கலையோடு வைத்தியத்தையும் கொண்டுசென்றார். வோங்கின் மனைவி மோக் குவாய் லானும் ஹாங்காங்கில் குங்ஃபூ கற்பித்தபடியே எலும்பு வைத்தியமும் பார்த்தார். முறைகள் குடும்பம் வழியாகவும் மாணவர் வழியாகவும் கைமாறிய விதம் இதுதான். ஒவ்வொரு கூடத்துக்கும் தனி மருந்துச் சீட்டு. அது கலையின் கடைசிப் பாடத்தைப்போல, நம்பிக்கைக்குரிய மாணவருக்கு மட்டுமே தரப்பட்டது.

இந்தக் கூடங்களுக்கு முன்பே வைத்தியம் இருந்தது. தாங் பேரரசின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், லின் தாவோரென் என்ற துறவியின் பெயரால் வழங்கும் ஒரு சுவடிதான் சீனத்தில் எலும்பு முறிவுக்கென்றே எழுதப்பட்டவற்றுள் இன்று கிடைப்பதில் மிகப் பழையது. காயத்தைக் காய்ச்சிய மருந்து நீரால் கழுவு, விலகிய எலும்பை இழுத்துச் சேர், மரப்பட்டை வைத்துக் கட்டு, மூட்டுப் பகுதியை அவ்வப்போது அசைத்துக்கொடு என்று அது வரிசையாகச் சொல்கிறது. கட்டிய மூட்டை அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும் என்பதை அந்தக் காலத்திலேயே ஒருவர் எழுதிவைத்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. பின்னால் 1742இல் சிங் அரசவை தொகுத்த மருத்துவக் களஞ்சியம் எலும்பு வைத்தியத்துக்கு எட்டுக் கைமுறைகளைப் பெயரிட்டது. தொட்டறிதல், சேர்த்தல், தாங்குதல், தூக்குதல், அழுத்துதல், தேய்த்தல், தள்ளுதல், பிடித்தல். நோயாளி வலியை உணராதபடி செய்தால்தான் அதற்குக் கைமுறை என்று பெயர் என்கிறது அந்த நூல். சாராயத்தின் கதையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வைத்தியத்தில் முதல் இடம் கைக்கு. மருந்து கையின் துணை.

சரி, அடிபட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று சீன மருத்துவம் கருதுகிறது? தமிழில் நாம் 'ரத்தம் கட்டிவிட்டது' என்கிறோமே, ஏறக்குறைய அதேதான். உடலில் ரத்தமும், 'ச்சி' எனப்படும் உயிரோட்டமும் இடையறாது ஓடவேண்டும். அடி விழுந்த இடத்தில் ஓட்டம் தடைப்படுகிறது, ரத்தம் தேங்குகிறது, தேங்கிய இடம் வீங்கி, கறுத்து, வலிக்கிறது. ஓட்டம் உண்டென்றால் வலியில்லை, ஓட்டமில்லை என்றால் வலி என்பது சீன மருத்துவத்தில் குழந்தைப் பாடம். ஆகவே வைத்தியத்தின் வேலை தேங்கியதை நகர்த்துவது.

நவீன மருத்துவம் இதை வேறு சொற்களில் விளக்குகிறது. தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் திசுக்களுக்குள் கசிகிறது. அந்த ரத்தத்தின் நிறமிப் பொருள் சிதையச் சிதைய, கன்றிய இடம் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஏறத்தாழ 2 வாரத்தில் மறைகிறது. 'ச்சி' என்ற கருத்து ஆய்வகத்தில் அளக்கக்கூடியது அல்ல. ஆனாலும் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, வலியைக் கேட்டறிந்து உருவான விளக்கம் அது என்பதால், அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தேங்கியதை நகர்த்துவது மட்டும் போதாது, எந்த நாளில் எதைச் செய்வது என்பதும் முக்கியம். அடிபட்ட தொடக்க நாட்களில் வீக்கத்தை அடக்கித் தேக்கத்தைக் கலைப்பார்கள். அடுத்த கட்டத்தில் தசைநாரையும் எலும்பையும் சேர்க்கும் மூலிகைகள் வரும். கடைசியில், நாட்பட்ட பலவீனத்துக்கு, உடலையே வலுப்படுத்தும் மருந்துகள். தசைநார் கல்லீரலின் ஆளுகையில், எலும்பு சிறுநீரகத்தின் ஆளுகையில் என்பது அவர்களுடைய கணக்கு. எனவே அந்த உறுப்புகளுக்கு ஊட்டம் தருவதாகக் கருதும் மூலிகைகளைக் கடைசிக் கட்டத்தில் குடிக்கத் தருவார்கள். இதில் தொடக்கநிலையினர் அடிக்கடி தவறுவது முதல் கட்டத்தில். புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் இடத்தில், சூடேற்றும் மூலிகைகள் கொண்ட சாராயத்தை அழுத்தித் தேய்ப்பது எரியும் அடுப்பில் விறகு வைப்பது போன்றது. அந்த நிலைக்குப் பல ஆசான்கள் 'மூன்று மஞ்சள்' என்ற குளிர்ச்சியான பொடியைக் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். அதில் ஒன்று இரேவற்சின்னி வேர். ஐஸ் வைப்பதை மட்டும் இந்த மரபில் பலர் ஏற்பதில்லை. குளிர் தேக்கத்தை இறுகச் செய்யும் என்பது அவர்கள் வாதம். விளையாட்டு மருத்துவத்தில் 1978இல் 'ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல்' என்ற சூத்திரத்தைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினும் 2014இல், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். அதனால் சீனர்கள் சொன்னது முழுதும் சரி என்று ஆகிவிடாது. வலி குறைய ஐஸ் உதவுகிறது என்பதும் உண்மை.

இப்போது ஜாடிக்குள் எட்டிப் பார்க்கலாம். நமக்கு வியப்பு காத்திருக்கும் இடம் இதுதான், ஏனென்றால் உள்ளே கிடப்பவற்றில் பாதி நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவை.

குந்திரிக்கம், வெள்ளைப்போளம் என்ற மரப்பிசின்கள் சீன எலும்பு வைத்தியத்தில் பிரியாத இரட்டையர். ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுதுவார்கள். இரண்டும் சீனத்தில் விளைவதல்ல. அரேபியாவின் தெற்குக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலிருந்தும் கப்பலேறி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சுவான்சௌ போன்ற துறைமுகங்களில் இறங்கின. 1974இல் சுவான்சௌ விரிகுடாவில் தோண்டியெடுத்த சோங் காலத்துக் கப்பல் ஒன்றில் மிளகும் நறுமண மரங்களும் குந்திரிக்கமும் இருந்தன. அதே சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் எழுப்பும் அளவுக்குத் தமிழ் வணிகர்கள் வேரூன்றியிருந்தார்கள். குங்ஃபூ மாணவரின் முழங்கையில் தேய்க்கப்படும் பிசின் நம்மவர்கள் புழங்கிய கடல்வழியாகத்தான் அந்த நாட்டுக்குப் போனது என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

அடுத்து, ரத்தத்தை 'நகர்த்தும்' சிவப்புப் பொருட்கள். குசும்பாப் பூ, பதிமுகக் கட்டை, சுமத்ராவின் ஒருவகைப் பிரம்புப் பனையின் காயிலிருந்து வடியும் 'டிராகன் ரத்தம்' என்ற பிசின். ரத்த நிறமுள்ளது ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய எண்ணம் இந்தத் தேர்வில் தெரிகிறது. தாங் குய், சுவான் சியோங் என்ற இரண்டு வேர்களும் ஏறக்குறைய எல்லாச் சீட்டுகளிலும் உண்டு. இவற்றோடு வேறு இரண்டைச் சேர்த்த 'நான்கு பொருள் கஷாயம்' இன்று பெண்களுக்கான மருந்தாகவே சீனர் வீடுகளில் அறியப்படுகிறது. அது முதன்முதலில் எழுதப்பட்டது லின் தாவோரெனின் சுவடியில்தான், அடிபட்டவர்களுக்காக. மஞ்சளும் கற்பூரமும்கூடப் பல ஜாடிகளில் இருக்கும்.

பெயரிலேயே வேலையைச் சொல்லும் மூலிகைகளும் உண்டு. 'சூ துவான்' என்றால் 'அறுந்ததை இணைப்பது'. 'கு சுய் பூ' என்றால் 'நொறுங்கிய எலும்பைச் சரிசெய்வது'. இந்த இரண்டாவது, மரங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. அதன் நெருங்கிய உறவினர் நம் கொல்லிமலையில் இருக்கிறது. மூட்டுவலிக்குச் சூப் வைத்துக் குடிக்கும் முடவாட்டுக்கால்தான் அது. இரு நாட்டினரும் ஒருவரையொருவர் கேட்காமலேயே ஒரே செடிக் குடும்பத்தை எலும்புக்கும் மூட்டுக்கும் எடுத்திருக்கிறார்கள்.

தாதுக்களும் பூச்சிகளும் இல்லாமல் பழைய சீட்டு முடியாது. இரும்புக் கந்தகக் கல்லைப் பழுக்கக் காய்ச்சி வினிகரில் தோய்த்துச் சேர்ப்பார்கள். இறக்கையில்லாத ஒருவகைக் கரப்பானும் சேரும். புலி எலும்பும் கஸ்தூரியும் முன்பு சேர்ந்தன. புலி எலும்பு வணிகத்தைச் சீனா 1993இல் தடைசெய்தது. அது சரியான முடிவு. ஒரு சுளுக்குக்காகக் காட்டில் ஒரு புலி சாக வேண்டியதில்லை.

செய்முறை எளியது. மூலிகைகளை இடித்தோ நறுக்கியோ கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் இட்டு, வீரியமான அரிசிச் சாராயத்தை ஊற்றி, மூடி, இருட்டான இடத்தில் வைப்பார்கள். சில மாதமாவது ஊறவேண்டும். ஓராண்டு ஊறியது சிறந்தது என்பார்கள். தந்தை ஊறவைத்ததை மகன் பயன்படுத்திய கதைகளும் உண்டு. சாராயம் ஏன் என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பிசின்களும் பல வேர்களின் சாரமும் வெறும் நீரில் சரியாகக் கரைவதில்லை, எரிசாராயத்தில் கரைகின்றன. மருந்தும் கெடுவதில்லை. தோலில் பட்டதும் சாராயம் ஆவியாகி, கரைந்திருந்த பொருளை மேலே விட்டுச்செல்கிறது.

தடவும் முறைக்கு நேரம் கொடுக்கவேண்டும். சில துளிகளை உள்ளங்கையில் விட்டு, தோல் சூடாகும்வரை நிதானமாகத் தேய்த்து, வலி உள்ள இடத்தைச் சுற்றி இதயத்தை நோக்கித் தள்ளிக்கொடுப்பார்கள். 5 நிமிடமாவது ஆகும். 'இரும்புக் கை' பயிற்சியில் இது இன்னும் கண்டிப்பானது. பச்சைப்பயறு நிரப்பிய பையை அடிப்பதில் தொடங்கி, பல மாதங்களில் சரளைக்கல், பிறகு இரும்புக் குண்டு என்று உயர்வார்கள். ஒவ்வொரு முறையும் அடிப்பதற்கு முன்னும் பின்னும் சாராயத்தால் கையைப் பிசைந்துவிடுவது விதி. செங்கல் அடுக்கைக் கையால் உடைக்கும் கு யூ ச்சாங் என்ற ஆசானின் புகைப்படத்தைக் குங்ஃபூ உலகில் அறியாதவர் குறைவு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் சுவரைக் குத்தத் தொடங்குகிறார்கள். படத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பிசைதலும் ஓய்வும் இருப்பதைப் படம் காட்டாது. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை இந்தப் பயிற்சியில் விடவே கூடாது. எந்தச் சாராயமும் வளரும் எலும்பின் நுனியைக் காக்காது.

சாராயத்துக்கு உறவினர்கள் பலர். 'ஏழு லி பொடி' என்று ஒன்று. ஒரு வேளைக்கு 7 லி, அதாவது 0.2 கிராமுக்குச் சற்று மேல், அதைத் தாண்டாதே என்ற எச்சரிக்கையே அதன் பெயர். குந்திரிக்கம், வெள்ளைப்போளம், காசுக்கட்டி ஆகியவற்றோடு பாதரசம் கலந்த சாதிலிங்கமும் அதில் உண்டு என்பதால் அளவு அவ்வளவு கண்டிப்பு. 'யுன்னான் பாய்யாவ்' என்ற வெண்பொடி 1902இல் ச்சூ ஹுவான்சாங் என்ற யுன்னான் வைத்தியர் உருவாக்கியது. 1938இல் தாயர்சுவாங் போரில் ஜப்பானியரை எதிர்த்த யுன்னான் வீரர்கள் அதைப் பையில் வைத்திருந்தார்கள். ச்சூ இறந்தபின் அவருடைய மனைவி 1955இல் மருந்துச் சீட்டை அரசிடம் ஒப்படைத்தார். இன்றும் அது அரசு ரகசியம். சிங்கப்பூரிலிருந்து நம் வீடுகளுக்கு வந்துசேர்ந்த கோடாலித் தைலமும் டைகர் பாமும் இந்தக் குடும்பத்தின் தொலைதூரச் சொந்தங்கள். புதினாச் சத்தும் கற்பூரமும் தோலின் குளிர், சூட்டு உணர்நரம்புகளைத் தூண்டி வலியிலிருந்து கவனத்தை மாற்றுகின்றன. அவை அடிக்கென்றே ஊறவைத்த சாராயத்துக்கு மாற்றல்ல.

வேலை செய்கிறதா என்று கேட்டால் என் பதில் இது. சில மூலிகைகளில் வீக்கத்தைக் குறைக்கும் பொருட்கள் இருப்பதை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. குந்திரிக்கத்தின் அமிலங்கள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஆய்வகக் குடுவையில் நடப்பது ஜாடியிலிருந்து எடுத்துத் தடவும்போதும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மேலும் ஒவ்வொரு கூடத்தின் சீட்டும் வேறு. ஒரு புட்டியைப் பற்றித் தெரிந்தது அடுத்த புட்டிக்குப் பொருந்தாது. தினமும் கையைப் பிசைந்துவிடுவதும், எங்கே வலிக்கிறது என்று கவனிப்பதும், அதற்காக நிற்பதும் பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். சாராயம் அந்த ஒழுக்கத்துக்கு ஒரு காரணமாக அமைகிறது. அதுவே பெரிய பயன்.

இனி ஆபத்து. இதை நீட்டி எழுதக் காரணம் உண்டு. முன்பு சீட்டு ரகசியமாக இருந்தது. சீட்டோடு சேர்த்து எச்சரிக்கையும் வாய்வழியாகச் சொல்லப்பட்டது. இன்று சீட்டு மட்டும் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

பழைய சீட்டுகளில் 'சுவான் வூ', 'சாவ் வூ' என்ற இரண்டு கிழங்குகளைக் காணலாம். இரண்டும் நம் வச்சநாபியின் இனம், கொடிய நஞ்சு. நீண்டநேரம் நீரில் கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு பெரிதும் சிதையும் என்பதால்தான் கஷாயத்துக்கு நெடுநேரம் காய்ச்சுகிறார்கள். சாராயத்தில் குளிர ஊறவைக்கும்போது சிதைவு நடப்பதில்லை. நஞ்சு முழு வீரியத்தோடு கரைந்து இறங்குகிறது. இன்னொன்று 'மா ச்சியன் ட்சி', அதாவது நம் எட்டிக்கொட்டை. இவை உள்ள சாராயத்தை ஒரு மடக்குக் குடித்தாலும் இதயத் துடிப்பு குலைந்தோ வலிப்பு கண்டோ உயிர் போகலாம். பெயரில் சாராயம் என்று இருப்பதால், குடிக்கவும் செய்யலாம் என்று நினைத்துச் செத்தவர்கள் உண்டு. காயம்பட்ட தோல் வழியாகவும் நஞ்சு உள்ளே போகும். உதடும் நாக்கும் மரத்துப்போனால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். யுன்னான் பாய்யாவில்கூட இந்த இனத்துக் கிழங்கின் நஞ்சு இருப்பது கண்டறியப்பட்டு, 2013இல் ஹாங்காங் சுகாதாரத் துறை அதன் சில வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. ஹாங்காங் சட்டம் 31 சீன மருந்துப் பொருட்களை நச்சுப் பட்டியலில் வைத்திருக்கிறது. எலும்பு வைத்தியர்களும் அங்கே பதிவு பெற்றே தொழில் செய்யவேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தாங் குய்யும் குசும்பாவும் சேர்ந்த மருந்தைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்; ரத்தத்தை நகர்த்தும் மூலிகைகளைக் கர்ப்பிணிக்குத் தராதே என்று சீன மருத்துவமே சொல்கிறது. திறந்த புண், கண், வாய் ஆகியவற்றின் அருகே கூடாது. கைகால் கோணியிருந்தாலோ, எடை தாங்க முடியாவிட்டாலோ, விரல் மரத்தாலோ தேய்ப்பதை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். முறிந்த எலும்பைத் தேய்த்தால் சேதம் கூடும்.

முதல்முறை முயல்பவர்கள் தாங்களே ஊறவைக்கத் தொடங்க வேண்டாம். உட்பொருட்கள் முழுதும் அச்சிட்ட, பதிவுபெற்ற புட்டியை வாங்குங்கள்; பட்டியலில் மேலே சொன்ன கிழங்கோ கொட்டையோ இருந்தால் தெரிந்த வைத்தியர் ஒருவரின் மேற்பார்வையில்லாமல் பயன்படுத்தாதீர்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் அருகிலுள்ள சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம் கேட்கலாம். முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால், அடிபட்டு 2 நாள் கழிந்து சூடு தணிந்தபின் தேய்க்கத் தொடங்கலாம். தேய்த்த கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள். குசும்பாவும் பதிமுகமும் சாயப் பொருட்கள், துணியில் பட்ட கறை போகாது. ஆகவே இதற்கென்று பழைய துண்டு ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.